அயர்ன்மேன் போட்டிக்குத் தயாராகிறீர்களா? காட்ரோடு மலை ஏற்றமும் ஓய்வுக் கணக்கும்... முழு விவரம்

தேனி மாவட்டம் தேவதானப்பட்டியைத் தாண்டி வத்தலக்குண்டு பக்கம் போனால் காட்ரோடு பிரிவு வரும். அங்கிருந்து கொடைக்கானல் வரை சுமார் 50 கி.மீ. மலைச்சாலை. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 300 மீட்டரில் தொடங்கி 2,100 மீட்டர் வரை ஏறுகிறது. சைக்கிள்காரர்களைச் சும்மா இருக்க விடாத ரோடு இது. டம்டம் பாறையில் வண்டியை நிறுத்தி, எதிரே எலிவால் அருவியையும் கீழே மஞ்சளாறு அணையையும் பார்த்து ஒரு செல்ஃபி எடுத்துவிட்டு மேலே மிதிப்பதில் தனி கிக் இருக்கிறது.

சிக்கல் மறுநாள் காலையில்தான். அலாரம் அடிக்கிறது. இன்று 15 கி.மீ. ஓட வேண்டும் என்று அட்டவணை சொல்கிறது. படி இறங்கவே கால் ஒத்துழைக்கவில்லை. ஓடலாமா, போர்த்திக்கொண்டு படுத்துவிடலாமா? நீண்ட தூர டிரையத்லானுக்குத் தயாராகும் எல்லோரும் சந்திக்கும் கேள்வி இது. தப்பான பதிலை ஒரு நாள் சொன்னால் ஒன்றும் ஆகாது. மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்தால், போட்டிக்குப் போக வேண்டியவர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கும்.

அயர்ன்மேன் என்றால் எவ்வளவு தூரம்?

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்து முடிப்பதுதான் டிரையத்லான். முழு அயர்ன்மேனில் 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம். இதில் பாதி தூரம் கொண்டது 'அயர்ன்மேன் 70.3'. 1.9 கி.மீ. நீந்தி, 90 கி.மீ. மிதித்து, 21.1 கி.மீ. ஓட வேண்டும். மொத்தம் 70.3 மைல் வருவதால் அந்தப் பெயர். உள்ளூர்க் கணக்கில் சொன்னால், தேவதானப்பட்டியில் இருந்து குமுளி வரை சைக்கிளில் போவதற்குக் கிட்டத்தட்ட சமம் இந்த 90 கி.மீ. அதற்குப் பிறகு அரை மாரத்தான் பாக்கி இருக்கும்.

1978 பிப்ரவரியில் ஹவாய் தீவில் 15 பேருடன் தொடங்கிய போட்டி இது. அன்று 12 பேர் முடித்தார்கள். இந்தியாவில் 70.3 போட்டி 2019-ல் கோவாவில் முதல்முறையாக நடந்தது. நடிகர் மிலிந்த் சோமன் 50 வயதை நெருங்கிய நேரத்தில், 2015-ல் சூரிச்சில் முழு அயர்ன்மேனை முடித்தார். 2025 நவம்பரில் கோவா போட்டியை பாஜகவின் அண்ணாமலை முடித்ததும் தமிழ்நாட்டில் இந்தப் பெயர் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. கூடவே, 'நாமும் இறங்கினால் என்ன?' என்று நினைப்பவர்களும் கூடியிருக்கிறார்கள். ஆசை நல்லதுதான். ஆனால் அவர்களில் பெரும்பாலானோர் காலை 9 மணிக்கு வேலைக்குப் போகிறவர்கள்.

உடம்பு எப்போது பலமாகிறது?

ஓடும்போது உடம்பு பலமாவதில்லை, பலவீனமாகிறது. தசை நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து வைத்த கிளைகோஜன் என்ற மாவுச்சத்து இருப்பு கரைகிறது. தூங்கும்போதும் சாப்பிட்டு ஓய்வெடுக்கும்போதும்தான் இந்தச் சேதம் சரியாகி, முன்பைவிடக் கொஞ்சம் கூடுதல் பலத்தோடு உடம்பு திரும்புகிறது. அந்த வேலை முடிவதற்குள் அடுத்த அடி விழுந்தால் பழைய நிலைக்கே வர முடியாது.

ஒவ்வொன்றும் தேறுகிற வேகம் வேறு. கிளைகோஜன் நன்றாகச் சாப்பிட்டால் ஒன்றிரண்டு நாளில் நிரம்பிவிடும். தசை வலி இரண்டாவது நாள்தான் உச்சத்துக்கு வரும். தசைநாணும் எலும்பும் இன்னும் மெதுவாக, வாரக்கணக்கில் பழகுகின்றன. புதிதாக ஓடத் தொடங்குபவர்களுக்கு மூச்சு சீக்கிரம் பழகிவிடுகிறது, முழங்காலும் குதிகாலும் பின்தங்குகின்றன. 'தம் இருக்கே, இன்னும் கொஞ்சம் ஓடலாம்' என்று தோன்றும் அந்த இரண்டாவது, மூன்றாவது மாதத்தில்தான் காயம் வருகிறது.

மூன்று விளையாட்டு, ஒரே கணக்கு

டிரையத்லான் பயிற்சியில் பலர் ஏமாறும் இடம் இது. 'நேற்று சைக்கிள், இன்று நீச்சல், அதனால் கால்களுக்கு ஓய்வு கிடைத்துவிட்டது' என்று நினைக்கிறார்கள். கால்களுக்கு ஓரளவு கிடைத்திருக்கும். இதயம், நரம்பு மண்டலம், ஹார்மோன்கள், தூக்கம் எல்லாம் ஒரே கணக்கில் இருந்துதான் செலவாகின்றன.

இதை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. அமெரிக்க உடற்பயிற்சி விஞ்ஞானி கார்ல் ஃபாஸ்டர் பிரபலமாக்கியது. பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்து, 'எவ்வளவு கஷ்டமாக இருந்தது?' என்று 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண் போட வேண்டும். அதைப் பயிற்சி எடுத்த நிமிடங்களால் பெருக்க வேண்டும். அவ்வளவுதான்.

காட்ரோட்டில் இருந்து 4 மணி நேரம் மலை ஏறியவர் 7 மதிப்பெண் போட்டால், 240 நிமிடம் × 7 = 1,680. சமதளத்தில் 40 நிமிடம் மெதுவாக ஓடி 3 மதிப்பெண் போட்டால் 120. அதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை மலை ஏற்றம், 14 சாதாரண ஓட்டங்களுக்குச் சமம். 'வாரத்துக்கு ஒரு நாள்தானே சார் ஏறுறேன்' என்பவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்ப்பது நல்லது.

இந்த எண்ணில் வராத பாரமும் இருக்கிறது. மாம்பழ சீசனில் நாள் முழுக்க லோடு ஏற்றி இறக்கிவிட்டு மாலையில் ஓடுபவருக்கும், ஏசி அறையில் உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு ஓடுபவருக்கும் அந்த 40 நிமிடம் ஒன்றாகாது. இரவு ஷிஃப்ட், வீட்டில் கைக்குழந்தை, கடன் டென்ஷன் எல்லாமே இந்தக் கணக்கில்தான் பற்று எழுதப்படும். யாரோ ஒரு வெளிநாட்டு வீரரின் அட்டவணையை இறக்கி அப்படியே பின்பற்றுவது வேலைக்கு ஆகாததற்கு இதுதான் காரணம். அவருக்குப் பயிற்சி முடிந்தால் மதியத் தூக்கம். இங்கே பயிற்சி முடிந்தால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

வாரத்துக்கு எவ்வளவு கூட்டலாம்?

'வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் கூட்டாதே' என்பது ஓட்டக்காரர்கள் மத்தியில் வேதவாக்கு. 2008-ல் நெதர்லாந்தில் புதிதாக ஓட வந்தவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். 10 சதவீத விதிப்படி மெதுவாகக் கூட்டிய குழுவிலும், வழக்கமான அட்டவணைப்படி ஓடிய குழுவிலும் சுமார் 20 சதவீதம் பேருக்குக் காயம் வந்தது. வித்தியாசமே இல்லை. அதற்காக இஷ்டத்துக்குக் கூட்டலாம் என்று அர்த்தமில்லை. ஒரே எண் எல்லா உடம்புக்கும் பொருந்தாது, அவ்வளவுதான்.

பயிற்சியாளர்கள் பரவலாகக் கடைப்பிடிப்பது வேறு முறை. மூன்று வாரம் படிப்படியாகக் கூட்டி, நான்காவது வாரம் மூன்றில் ஒரு பங்கு அல்லது பாதி வரை குறைப்பது. 40 வயதைத் தாண்டியவர்கள் இரண்டு வாரம் கூட்டி மூன்றாவது வாரமே குறைத்துக்கொள்வதும் உண்டு. வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு. நீண்ட ஓட்டத்தையும் மலை ஏற்றத்தையும் அடுத்தடுத்த நாளில் வைக்காமல், நடுவில் லேசான நீச்சல். மீதி நாட்களில் பேசிக்கொண்டே ஓடும் அளவுக்கு மெதுவான வேகம்.

இந்த மெதுவான வேகம்தான் பலருக்குக் கௌரவப் பிரச்சினை. பக்கத்தில் ஒருவர் முந்திப் போனால் பொறுக்காது. ஆனால் உலகத்தர நெடுந்தூர வீரர்களே தங்கள் பயிற்சியில் சுமார் 80 சதவீதத்தை லேசான வேகத்தில்தான் செய்கிறார்கள் என்பதை ஸ்டீபன் சைலர் என்ற ஆய்வாளர் பதிவு செய்திருக்கிறார்.

காற்று, வெயில், மலை

கம்பம் பள்ளத்தாக்கில் ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றைப் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. அந்த நாட்களில் தேனி பக்கம் எதிர்க்காற்றில் மிதிக்கும்போது, வழக்கமான வேகத்தைப் பிடித்தே தீருவேன் என்று அடம்பிடித்தால் சமதள ரோடே மலைச்சாலை ஆகிவிடும். வேகத்தைப் பார்க்காமல் கஷ்டத்தின் அளவைப் பார்த்து ஓட்டுவதே சரி.

வெயிலுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் தேவை. அதுவரை நேரத்தையும் வேகத்தையும் குறைக்க வேண்டும். ஓடும்போது ஒருவர் தடுமாறி, குழப்பமாகப் பேசினால் அது சாதாரண மயக்கம் என்று விட்டுவிடக் கூடாது. உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பத்தாக்காக இருக்கலாம். 108-ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்காமல் நிழலில் கிடத்தி, கிடைக்கும் தண்ணீரையெல்லாம் உடல் முழுக்க ஊற்றிக் குளிர்விக்க வேண்டும். தொட்டி இருந்தால் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கழுத்து வரை அமிழ்த்தலாம். ஒவ்வொரு நிமிடமும் உயிருக்கான நிமிடம்.

'கொடைக்கானல் போய் ஓடினால் ரத்தம் ஊறும்' என்ற நம்பிக்கையும் உண்டு. உயரமான இடத்தில் சிவப்பணுக்கள் கூடுவது உண்மைதான், ஆனால் அதற்கு அங்கேயே மூன்று, நான்கு வாரம் தங்க வேண்டும். காலையில் ஏறி மாலையில் இறங்கினால் அந்தப் பலன் கிடைக்காது. கிடைப்பது நல்ல மலைப்பயிற்சியும் அதற்கான களைப்பும்.

நீச்சலுக்கு மஞ்சளாறு அணை கண்ணில் படும். மலையில் மழை பெய்தால் நீர்வரத்து கூடும் அணை அது, பயிற்சிக்கான இடமல்ல. கிணற்றில் நீந்திப் பழகியவர்களுக்குத் தண்ணீர் பயம் இருக்காது, ஆனால் 1.9 கி.மீ. நிற்காமல் நீந்துவது வேறு. 25 மீட்டர் நீச்சல்குளத்தில் அது 76 முறை.

சாப்பாடும் தண்ணீரும்

ஓய்வு என்றால் படுப்பது மட்டும் கிடையாது. நீண்ட பயிற்சி முடிந்த சில மணி நேரத்துக்குள் சோறு, இட்லி, வாழைப்பழம் என்று மாவுச்சத்தும், கூடவே முட்டை, பயறு, தயிர், மீன் என்று புரதமும் போக வேண்டும். எடை குறைய வேண்டும் என்று பயிற்சி நாளிலேயே பட்டினி கிடப்பது ஆபத்து. தொடர்ந்து குறைவாகச் சாப்பிட்டால் எலும்பும் ஹார்மோனும் பாதிக்கப்படும் என்று சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-லேயே எச்சரித்தது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோனால், 'நல்லா ட்ரெயினிங் ஆகுது' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. டாக்டரைப் பார்க்க வேண்டிய அறிகுறி அது. தீராத களைப்பு இருந்தால் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் இரண்டையும் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

ஒரு மணி நேரம் ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் வியர்வைக் கணக்கு தெரிந்துவிடும். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. அதனால் நீண்ட பயிற்சியில் இளநீர் மட்டும் போதாது. உப்புப் போட்ட நீர்மோரோ ஓ.ஆர்.எஸ். கரைசலோ உதவும். ரத்த அழுத்தம், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுச் செய்ய வேண்டும்.

அந்தக் காலைக் கேள்விக்குப் பதில்

மலை ஏறிய மறுநாள் ஓடலாமா? படுக்கையை விட்டு எழும் முன் நாடித்துடிப்பைப் பார்க்க வேண்டும். வழக்கத்தைவிட 7, 8 துடிப்பு கூடுதலாக இருக்கிறதா? இரவு தூக்கம் சரியில்லையா? காரணமில்லாமல் எரிச்சல் வருகிறதா? பசி இல்லையா? இவற்றில் ஒன்று மட்டும் என்றால் மெதுவாக 20 நிமிடம் ஓடிப் பார்க்கலாம். இரண்டு, மூன்று சேர்ந்து வந்தால் அன்று நடைப்பயிற்சி போதும். காய்ச்சல் இருந்தால் கண்டிப்பாக ஓடக் கூடாது. வைரஸ் காய்ச்சலோடு ஓடினால் இதயத் தசை அழற்சி வரை போக வாய்ப்பு உண்டு.

கையில் கட்டிய வாட்ச் 'ரெடி' என்று பச்சை காட்டுகிறதே? 2016-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, ரத்தப் பரிசோதனை, இதயத்துடிப்பு அளவீடுகளைவிட, 'இன்று எப்படி இருக்கிறது?' என்று வீரரே சொல்லும் பதில்தான் பயிற்சிப் பாரத்தைத் துல்லியமாகக் காட்டுகிறது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் தினமும் தூக்கம், மனநிலை, வலி மூன்றுக்கும் மதிப்பெண் எழுதி வைத்தால் போதும். செலவு 20 ரூபாய்.

இதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் என்ன ஆகும்? ஐரோப்பிய, அமெரிக்க விளையாட்டு மருத்துவ அமைப்புகள் 2013-ல் வெளியிட்ட கூட்டறிக்கை இதை மூன்று கட்டமாகப் பிரிக்கிறது. முதல் கட்டம், சில நாள் ஓய்வில் சரியாகிவிடும்; திட்டமிட்டுச் செய்தால் பலனும் தரும். இரண்டாவதில் வாரங்கள், சிலருக்கு மாதங்கள் வீணாகும். மூன்றாவதுதான் 'ஓவர் டிரெயினிங் சிண்ட்ரோம்'. திறன் விழுந்து மாதக்கணக்கில் மீளாது. இதை உறுதிசெய்யத் தனி ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. மற்ற நோய்கள் இல்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளித்தான் கண்டுபிடிக்க முடியும்.

போட்டிக்கு முந்தைய இரண்டு வாரம்

கடைசி நேரத்தில் பயம் வந்து, விட்டதையெல்லாம் பிடிக்க நினைப்பவர்கள் அதிகம். 2007-ல் வந்த ஆய்வுத் தொகுப்பு ஒன்று, கடைசி இரண்டு வாரத்தில் பயிற்சி அளவை 41 முதல் 60 சதவீதம் வரை குறைத்தவர்களுக்கே நல்ல பலன் கிடைத்ததாகச் சொல்கிறது. வேகத்தைக் குறைக்க வேண்டாம், நாட்களையும் குறைக்க வேண்டாம். ஒவ்வொரு தடவையும் செலவிடும் நேரத்தைக் குறைக்க வேண்டும். வாரம் 10 மணி நேரம் பயிற்சி எடுத்தவருக்கு 5 மணி நேரம். அந்த நாட்களில் கால் கனமாகத் தோன்றும், சும்மா உட்கார்ந்திருப்பது குற்றம் செய்வது போல இருக்கும். அது பலருக்கும் வருவதுதான்.

போட்டி முடிந்த பிறகும் 70.3 தூரத்துக்கு ஒன்று, இரண்டு வாரமும், முழு தூரத்துக்கு மூன்று, நான்கு வாரமும் அட்டவணை இல்லாத லேசான அசைவு மட்டும். கோவாவில் இருந்து மெடலோடு ஊர் திரும்பிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நண்பர்கள் காட்ரோட்டுக்குக் கூப்பிட்டால் டம்டம் பாறை வரை பஸ்ஸில் போய் வரலாம்.