சேனைக் காடும் அரசிறையும்

வயலுக்கு வரலாறு எழுதியோர் பலர். காட்டுக்கு வரலாறு எழுதியோர் மிகச் சிலர். போடியார், வட்டைவிதானை, முல்லைக்காரன் என்னும் பெயர்களைக் கேட்டவுடன் மட்டக்களப்பு வயல்வெளி நம் கண்முன் தோன்றும். ஆயின் நம் குடியானவன் வீட்டில் அடுப்பு எரிந்தது வயலால் மட்டுமன்று, சேனையாலும் எரிந்தது.

கோடையிற் காட்டை வெட்டி, உலரவிட்டு, எரித்து, மாரியின் முதல்மழையோடு விதைப்பது சேனை. சோளன், குரக்கன், எள்ளு, பயறு, பூசினி, மிளகாய் என வயலில் விளையாதன அங்கே விளையும். இரண்டொரு போகத்தின்பின் நிலத்தைக் காட்டுக்கே விட்டுவிடுவர். சில ஆண்டுகள் கழிந்து, மண் உரம்பெற்றபின் மீண்டும் அங்கே வருவர்.

அப்படியாயின் இந்நிலம் விளைநிலமா, காடா? குடியானவனுக்கு இந்த வினா எழவில்லை. வரி விதித்த அரசுக்கு எழுந்தது. அரசு கூறிய விடை காணியுரிமையின் போக்கையே மாற்றிவிட்டது. அதனை ஈண்டு சுருக்கமாக ஆராய்வோம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் நெல்விளைவிற் பத்திலொரு பங்கே பொதுவான இறையாக இருந்தது. 1878ஆம் ஆண்டுத் தானியவரிச் சட்டம் அதனைப் பணமாக மதிப்பிட்டுப் பதிவேட்டில் எழுதச் செய்தது. இது கொடிய சுமையாயிற்று. நுவரெலியாப் பகுதியின் வலப்பனையில் வரி கட்டமுடியாத ஏழைகளின் வயல்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. ஆயினும் ஓர் உண்மையை மறத்தலாகாது. வரிப் பதிவேட்டில் ஏறிய வயலுக்கு ஒரு பெயரும் உடையவனும் உண்டு என்பதை அரசே எழுத்தில் ஒப்புக்கொண்டது.

காட்டை வெட்டிச் செய்த பயிர்கள் யாவும் ஒரே வகையாக நடத்தப்பட்டனவா? இல்லை. தேசாதிபதி சேர் எட்வேட் பாண்ஸ் 1820களில் கோப்பிப் பயிரை வளர்க்க விரும்பி, கோப்பி நிலத்துக்குப் பத்திலொன்று இறையிலிருந்து விலக்களித்தார். மலைநாட்டுக் காடுகள் கோப்பித் தோட்டங்களாயின. தோட்டக்காரன் வரி கொடாதிருந்தும் அவன் நிலம் விளைநிலமாகவே மதிக்கப்பட்டது.

சேனைக்காரனுக்கு வாய்த்தது வேறு. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம், காடும் தரிசும் மறுதலை நிரூபிக்கப்படும்வரை அரசுக்கே உரியன என விதித்தது. பல ஆண்டு இடைவிட்டுப் பயிரிடும் சேனையைப் பற்றியும் அது தனியே கூறிற்று. கண்டி நாட்டவன் தன் சேனைக்குச் சன்னசு காட்டலாம். அன்றேல் 20 ஆண்டுகளுக்குள் வழக்கமான வரியோ ஊழியமோ செலுத்தியமையை நிரூபித்து உரிமை கோரலாம். ஏனைய மாவட்டங்களிலோ சேனை காடாகவும் தரிசாகவுமே கொள்ளப்படும். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையாற் கண்டி மன்னன் ஒல்லாந்தருக்கு விட்ட நம் கரைநாடு இந்த 'ஏனைய' மாவட்டங்களுள் அடங்கிற்று. எனவே, வரி கட்டிய சான்று கண்டிச் சேனைக்குக் காவலாயிற்று. நம் சேனைக்கு அந்த வழியும் திறக்கவில்லை.

அதிகாரிகள் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. சேனையால் நல்ல மரங்கள் எரிந்தன. இடைவெளி குறுகியவிடத்து மண்ணும் மெலிந்தது. 1885ஆம் ஆண்டுக் காட்டுச் சட்டம் எழுந்ததற்கு மரங்களைக் காக்கும் நோக்கமும் ஒரு காரணம். ஆனால் கோப்பிக்காக மலைமலையாகக் காடு வெட்டியவனை முயற்சியாளன் என்றும், குரக்கனுக்காகச் சிறு துண்டு வெட்டியவனை அழிப்பவன் என்றும் கூறுவது நடுவுநிலையாகுமா?

1892ஆம் ஆண்டுச் சட்டத்தினால் தானியவரி நீங்கிற்று. வயற்காரன் மூச்சுவிட்டான். சேனையைக் காடெனக் கொண்ட விதி அதனோடு நீங்கவில்லை. 1897ஆம் ஆண்டுத் தரிசுநிலச் சட்டம் அதனை மேலும் இறுக்கியது. அறிவித்தல் வெளியானபின் குறித்த தவணைக்குள் உரிமை கோராதவன் நிலத்தை இழந்தான். வர்த்தமானியை வாசிக்கத் தெரியாத ஏழை என் செய்வான்!

இவை பழங்கதைகள் மாத்திரம் அல்ல. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைகள் சட்டத்தின் ஏக்கர் வரியும் நிரந்தரமாகவோ ஒழுங்காகவோ பயிரிடப்படும் காணியையே நோக்குகின்றது. இடைவிட்டுப் பயிராகும் நிலம் இன்றும் ஏட்டுக்கு வெளியேதான் நிற்கின்றது. வரி இல்லாமை ஆறுதல் என எண்ணுகிறோம். பதிவு இல்லாமை இழப்பு என்பதை எண்ணுவதில்லை.

ஆதலின் இளைஞர்களே, உங்கள் வீட்டுப் பெட்டகத்திலுள்ள உறுதியையும் ஒப்பத்தையும் வரிச் சீட்டையும் எடுத்துப் பாருங்கள், செல்லரிக்காமற் காப்பாற்றுங்கள். மூத்தோரிடம் சென்று, எந்தச் சேனை எந்தப் பெயரால் வழங்கியது, யார் எந்த ஆண்டுகளிற் பயிரிட்டனர், எல்லை எதுவெனக் கேட்டு எழுதிவையுங்கள். அவர்கள் நினைவோடு அப்பெயர்களும் மறைந்தால் அவற்றை மீட்டுத்தரும் ஏடு வேறொன்று இல்லை. நம் சங்கத்தார் இவ்வாண்டே இப்பணியைத் தொடங்குவாராக.