ஒன்றுக்கு ஒன்று



பிரெஞ்சு மொழியில் 'பின்ஸ்' என்று ஒரு சொல் உண்டு. சட்டையில் குத்திக்கொள்ளும் சிறிய உலோகச் சின்னத்துக்குப் பெயர். ஆங்கிலத்தில் 'பின்' என்றால் ஒன்று, 'பின்ஸ்' என்றால் பல. பிரெஞ்சுக்காரர்களோ ஒன்றாக இருந்தாலும் 'பின்ஸ்' என்றே சொல்லி, எழுதும்போது 'ன்'னுக்கும் 'ஸ்'ஸுக்கும் நடுவே மேற்கோள் குறி மாதிரி ஒரு புள்ளியும் போட்டார்கள். ஆங்கிலேயருக்கே தெரியாத ஆங்கிலம் அது. 'எபங்லெத்' என்று நல்ல பிரெஞ்சுச் சொல்லைப் பரிந்துரைத்தும் யாரும் கேட்கவில்லை. நம் வாத்தியார்கள் இருந்திருந்தால் பிரம்பை எடுத்திருப்பார்கள்.

இந்தப் பின்ஸ் பற்றித்தான் இன்று எழுதப்போகிறேன். என் மகள் குடும்பம் பாரீஸ் புறநகரில் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். 2018ல் நானும் என் மனைவியும் அங்கே போயிருந்தபோது, ஒன்பது வயதுப் பேரன் எங்களை டிஸ்னிலாந்துக்கு அழைத்துப் போனான். அழைத்துப் போனது மாப்பிள்ளைதான், ஆனால் அன்றைக்கு அதிகாரம் பேரனுடையது. அங்கே எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. அதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் சரித்திரம்.

சின்னங்களைக் கைமாற்றும் பழக்கம் ஒலிம்பிக் விளையாட்டிலிருந்து வந்தது. 1896ல் ஏதென்ஸில் முதல் நவீன ஒலிம்பிக் நடந்தபோது வீரர், நடுவர் என்று அடையாளம் தெரிவதற்காக அட்டை வில்லைகளை அணிந்தார்கள். பிறகு அது உலோகமாயிற்று. பல நாட்டு வீரர்கள் பிரியும்போது நினைவுக்காக ஒருவர் சின்னத்தை மற்றவருக்குக் கொடுத்தார்கள். வெகு காலம் வீரர்களுக்குள்ளேயே இருந்த இந்த வழக்கம், 1980களில் வேடிக்கை பார்க்க வந்த பொதுஜனத்துக்கும் தொற்றிக்கொண்டது. 1988ல் கனடாவின் கால்கரி நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் பின் மாற்றுவதற்கென்றே கோகோ கோலா கம்பெனி ஒரு கூடாரம் போட்டது.

பிரான்சில் இந்தப் பைத்தியம் பிடித்த கதை தனி. 1987ல் ரோலான் காரோஸ் டென்னிஸ் போட்டியில் தொடங்கியது என்பார்கள். 1991, 92ல் உச்சத்துக்குப் போயிற்று. பெட்ரோல் பங்க், வங்கி, தீயணைப்புப் படை, சின்னக் கிராமத்து மேரி என்று ஆளுக்கொரு பின்ஸ் வெளியிட்டார்கள். அதற்கென்று தனிப் பத்திரிகைகளே வந்தன. பதக்கங்கள் செய்வதில் பேர்போன பழைய நிறுவனமான ஆர்த்துஸ் பெர்த்ரான் கூடப் பின்ஸ் தயாரித்தது. ஜூலை 14 அன்று நம் கடற்கரைச் சாலை நினைவுச் சின்னத்தின் முன் சொல்தா தாத்தாக்கள் மார்பு நிறையக் குத்திக்கொண்டு நிற்பார்களே, அந்த மாதிரிப் பதக்கங்களைச் செய்கிறவர்கள், பின்ஸும் செய்தார்கள்! ஓரிரு வருடத்தில் ஜுரம் இறங்கிவிட்டது. டப்பா டப்பாவாகச் சேர்த்தவர்கள் பரணில் போட்டார்கள்.

டிஸ்னிலாந்து பாரீஸ் திறந்ததும் அந்த ஜுர காலத்தில்தான், 1992 ஏப்ரல் 12ல். ஆனால் அங்கே பின் மாற்றும் வழக்கம் அமெரிக்கா வழியாகப் பின்னால் வந்தது. 1999 அக்டோபரில், புத்தாயிரம் ஆண்டுக் கொண்டாட்டத்தை ஒட்டி, ஃப்ளோரிடாவில் உள்ள டிஸ்னி பூங்காவில் தொடங்கினார்கள். அடுத்தடுத்துக் கலிஃபோர்னியா, பாரீஸ் என்று பரவிற்று.

நாங்கள் போன காலத்தில் ஏற்பாடு எளிமையாக இருந்தது. பூங்கா ஊழியர்கள் கழுத்தில் ஒரு பட்டை இருக்கும், அதில் பத்துப் பன்னிரண்டு பின்கள் இருக்கும். நம்மிடம் உள்ள ஒன்றைக் கொடுத்து அவரிடமிருந்து பிடித்த ஒன்றை வாங்கிக்கொள்ள முடிந்தது. ஒன்றுக்கு ஒன்று. பணம் கைமாறக் கூடாது. அடுத்தவர் பட்டையைத் தொடக் கூடாது, விரலால் காட்டிக் கேட்க வேண்டும். பின்னால் உள்ள ரப்பர் மூடியோடு கையில் கொடுக்க வேண்டும். அசல் டிஸ்னி பின்னாக இருந்தால், அது எவ்வளவு சாதாரணமானதாக இருந்தாலும், ஊழியர் மறுக்கவில்லை. அவர் பட்டையில் அதே பின் ஏற்கெனவே இருந்தால் மட்டும் மறுக்க முடிந்தது. முப்பத்து மூன்று வருடம் அரசாங்கக் கோப்பு பார்த்தவன் நான். இவ்வளவு தெளிவான விதியை நான் எங்கள் ஆபீஸில் பார்த்ததில்லை.

வியாபாரக் கணக்கு இல்லாமல் இல்லை. கையில் ஒன்றாவது இருந்தால்தானே மாற்ற முடியும்? முதல் பின்னைக் கடையில்தான் வாங்க வேண்டும். 2002லிருந்து ஃப்ளோரிடாவில் இன்னொரு உத்தியும் செய்தார்கள். மூலையில் சின்னதாக மிக்கி தலை பொறித்த சில பின்களைக் கடையில் விற்காமல் ஊழியர் பட்டையில் மட்டும் வைத்தார்கள். மாற்றினால்தான் கிடைக்கும். அரிய பொருள் என்று ஆனதும் பெரியவர்கள் பட்டியல் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். ஆலைகளில் கழித்துப் போட்ட பின்களும் போலிகளும் மூட்டை மூட்டையாக உள்ளே வந்தன. வண்ணம் வரம்பு தாண்டி வழிந்திருக்கும், ஓரம் சொரசொரப்பாக இருக்கும்.

அசல் வேலைப்பாட்டை 'குளுவாசொனே' என்பார்கள். 'தடுப்பு வைத்தது' என்று அர்த்தம். உலோக வரம்புகளுக்கு நடுவே கண்ணாடிப் பொடியை நிரப்பிச் சூளையில் சுடும் பழைய கலை. இப்போது பெரும்பாலும் அச்சில் அடித்து எனாமல் ஊற்றுகிறார்கள். பெயர் மட்டும் நிற்கிறது.

பெரியவர்களே எல்லாவற்றையும் அள்ளிப் போனால் குழந்தைகளுக்கு என்ன மிஞ்சும்? ஃப்ளோரிடாவில் அதற்கும் ஒரு வழி செய்தார்கள். பச்சைப் பட்டை அணிந்த ஊழியர் சிறுவர்களோடு மட்டுமே மாற்றினார். எனக்கு இந்தச் சரித்திரத்திலேயே மிகவும் பிடித்தது இந்தப் பச்சைப் பட்டைதான். ஏன் என்று சொல்கிறேன்.

அன்று பேரன் என் கழுத்திலும் ஒரு பட்டையை மாட்டிவிட்டான். அதில் எட்டுப் பின்கள். அவற்றில் ஒன்று பாரீஸ் பூங்காவின் ரோஸ் நிறக் கோட்டை, நல்ல வேலைப்பாடு. "தாத்தா, இது மட்டும் யார் கேட்டாலும் குடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வரிசைக்குப் போனான். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஆறு வயது இருக்கும், ஒரு சின்னப் பெண் வந்து நின்றாள். "போன்ழூர் மிசியே" என்றாள். கையைத் தொடாமல், விரலால் கோட்டையைக் காட்டினாள். தன் பட்டையிலிருந்து ஒரு வாத்துப் பின்னைக் கழற்றி நீட்டினாள். வாத்தின் மஞ்சள் கண்ணுக்குள் வழிந்திருந்தது. இரண்டு மணி நேரப் பயிற்சியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அது போலி. அவளுக்குத் தெரியாது. அவளிடம் இருந்ததில் அதுதான் அவளுக்கு உசத்தி போலிருந்தது.

மறுக்க வாயெடுத்தேன். அப்போது எனக்கு 1962 நினைவுக்கு வந்தது.

வகுப்பில் என் பக்கத்தில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். பெயர் வேண்டாம். அவன் அப்பா சொல்தா. நாங்கள் இருவரும் தபால்தலை சேர்ப்போம். 'பொன் புவான்' அட்டை பத்துச் சேர்ந்தால் ஒரு படம் என்று பள்ளிக்கூடமே எங்களுக்குப் பண்டமாற்று சொல்லிக் கொடுத்திருந்தது. அவனிடம் அவன் தாத்தா காலத்துத் தபால்தலை ஒன்று இருந்தது. 1914ல் வெளிவந்த பிரெஞ்சிந்தியத் தபால்தலை, பிரம்மா படம் போட்டது. அதன் அருமை எனக்குத் தெரியும், என் மாமா சொல்லியிருந்தார். அவனுக்குத் தெரியாது. நான் பளபளவென்று கலர் கலராக மூன்று தபால்தலைகளைக் காட்டினேன். ஒன்றுக்கு மூன்று! அவன் சந்தோஷமாகக் கொடுத்துவிட்டான். போகும்போது எனக்கு நன்றி வேறு சொன்னான்.

அந்த ஆகஸ்ட் 16ல் சட்டப்படி இணைப்பு முடிந்தது. யார் எந்தக் குடியுரிமை என்று வீட்டுக்கு வீடு பேச்சு. அவர்கள் பிரான்சைத் தேர்ந்தெடுத்தார்கள், கப்பலேறிப் போய்விட்டார்கள். திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று ஒரு மாதமாக நினைத்துக்கொண்டே இருந்தேன். கொடுக்கவில்லை. பொய் ஒன்றும் சொல்லவில்லையே, அவனாகத்தானே கொடுத்தான் என்று அறுபது வருடத்துக்குப் பக்கமாக எனக்கு நானே கோப்பில் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். தெரிந்தவன் தெரியாதவனிடம் செய்யும் மாற்று, ஒன்றுக்கு மூன்று ஆனாலும் ஒன்றுக்கு ஒன்று ஆகாது.

கோட்டையைக் கழற்றினேன். ரப்பர் மூடியோடு அவள் கையில் வைத்தேன். "மெர்சி மிசியே" என்று ஓடிவிட்டாள்.

பேரன் வந்து பட்டையைப் பார்த்தான். "தாத்தா, இது போலி. உங்களை ஏமாத்திட்டாங்க."

"தெரியும்டா" என்றேன்.

அவனுக்குக் கோபம். சாயங்காலம் ரயிலேறும் வரை என்னோடு பேசவில்லை. ஷெஸ்ஸி ஸ்டேஷனில் நிற்கும்போது, "தெரிஞ்சும் ஏன் குடுத்தீங்க?" என்று கேட்டான். பாரீஸ் வந்து சேரும் வரை அந்தத் தபால்தலைக் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்த ஸ்டாம்ப் இன்னும் உங்ககிட்டதான் இருக்கா?" என்றான். இருக்கிறது என்றேன். அதற்கு மேல் அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வாத்தும் பிரம்மாவும் இப்போது ஒரே டப்பாவில் இருக்கின்றன. 1962, 63ல் இங்கிருந்து பிரான்சுக்குப் போன குடும்பங்களில் தபால்தலை சேர்த்த பையன் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அவனுக்கும் இப்போது எழுபதுக்கு மேல் இருக்கும்.