லைன்

நான் என்ன வேலை செய்கிறேன் என்று பாட்டிக்கு விளக்குவது எப்போதுமே சிரமம். "ப்ராசஸ் இன்ஜினியர்" என்றால் தலையை ஆட்டுவார், அவ்வளவுதான். ஒருநாள் சலிப்பில், "லைன்ல வேலை பாட்டி" என்று சொல்லிவிட்டேன். பாட்டி முகம் மாறிவிட்டது.

"இவ்ளோ படிச்சிட்டு எதுக்குய்யா லயத்துக்குப் போற?"

சிரித்துவிட்டுப் போய்விட்டேன். இரண்டு நாள் கழித்து, இரவு ஷிப்டில் நின்றுகொண்டிருந்தபோதுதான் உறைத்தது. பாட்டி ஒன்றும் தப்பாகக் கேட்கவில்லை. அவர் பிறந்த தோட்டத்து 'லயம்', நான் நின்றுகொண்டிருந்த 'லைன்', இரண்டும் ஒரே ஆங்கிலச் சொல்.

அந்தச் சொல்லின் அடியில் இருப்பது ஒரு நூல்தான். லத்தீனில் 'லினும்' என்றால் ஆளிச்செடி. அதன் நாரில் முறுக்கிய கயிறு 'லினியா'. லினன் துணியும் அங்கிருந்துதான். கயிற்றை இழுத்துப் பிடித்தால் கோடு, கோட்டில் ஆட்களை நிறுத்தினால் வரிசை. நம்மிடமும் இதே பயணம் நடந்திருக்கிறது, ஆனால் வேறு பக்கமாக. தச்சன் மரத்தின் கோணலை அறிய நூல் பிடிப்பதைப் போல, மனத்தின் கோணலைத் தீர்ப்பதால் புத்தகத்துக்கு நூல் என்று பெயர் என்கிறார் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர். அவர்களுக்குக் கயிறு வரிசையானது, நமக்குப் புத்தகமானது. 'கோடு' இன்னும் வேடிக்கை. கோடுதல் என்றால் வளைதல். நாம் ஸ்கேல் வைத்துப் போடும் கோட்டின் பெயரிலேயே வளைவு இருக்கிறது.

சரி, பினாங்குக்கு வருவோம். ஜார்ஜ் டவுனில் பொது மருத்துவமனைப் பக்கம் போனவர்கள் 'ஜாலான் சிப்பாய் லைன்ஸ்' என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். பார்க்கிங் தேடும் அவசரத்தில் யாரும் அதைப் படித்திருக்க மாட்டோம். நானும்தான். 1786 ஆகஸ்டில் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவை எடுத்துக்கொண்டபோது கூடவே சிப்பாய்களும் வந்தார்கள். பிறகு பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதராஸ் காலாட்படைப் பிரிவுகள் இங்கேயும் சிங்கப்பூரிலும் மாறி மாறிக் காவலிருந்தன. கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவத்தில் சிப்பாய்கள் வரிசையாகக் குடிசை போட்டுத் தங்கிய இடத்துக்கு 'லைன்ஸ்' என்று பெயர். தமிழ்நாட்டில் இன்றும் 'போலீஸ் லைன்' என்கிறார்களே, அதே சொல்தான். கோவைப் பக்கத்தில் ஒரே கூரையின் கீழ் ஒட்டியிருக்கும் வாடகை வீடுகளுக்கு 'லைன் வீடு' என்று பெயர்.

ராணுவத்திலிருந்து அந்தச் சொல் தோட்டத்துக்குள் போனது. இதை நான் நம்புவதற்கு ஒரு துணைச் சான்று இருக்கிறது. தோட்டத்தில் விடியற்காலையில் பெயர் கூப்பிடுவதற்கு நம் ஆட்கள் வைத்திருந்த சொல் 'பெரட்டு'. அது 'பரேட்'. தங்குவது லைன்ஸ், காலையில் கூடுவது பரேட் என்றால், அந்த இடத்தை நடத்தியவர்கள் அதை எதுபோல நினைத்திருப்பார்கள் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை.

அன்று வெல்லெஸ்லி மாகாணம் என்றும் இன்று செபராங் பிறை என்றும் சொல்லப்படும் பெருநிலப் பகுதியில் ரப்பருக்கு முன்னால் கரும்புதான். கலிடோனியா, பத்து காவான் போன்ற கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் வந்தார்கள். 1910இல் அந்த ஒப்பந்த முறை நின்றது. கங்காணி முறை தொடர்ந்தது. 1938இல் இந்திய அரசு மலாயாவுக்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்தபோது அதுவும் முடிந்தது. அதற்குள் கரும்பு போய் ரப்பர் வந்திருந்தது. பயிர் மாறினாலும் லயம் மாறவில்லை.

பாட்டியின் லயம் ஒரு நீளமான மரக் கட்டடம். ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, முன்னால் சின்ன அஞ்சடி. அறைகளுக்கு நடுவே இருந்த பலகைச் சுவர் கூரை வரைக்கும் போகாது. "பக்கத்து வீட்டுப் புள்ள இருமுனா எங்க அம்மா எழுந்திருச்சி தண்ணி கொடுக்கப் போவும், நாங்கதான்னு நெனைச்சி" என்பார் பாட்டி. புருஷன் பெண்டாட்டி சண்டை எல்லோருக்கும் தெரியும். சண்டை தீர்ந்ததும் தெரியும். இதைச் சொல்லும்போது மட்டும் சிரிப்பார்.

எனக்கு ரொம்ப நாள் உறுத்திய விஷயம் ஒன்று. ரப்பர் மர வரிசைக்குத் தோட்டத்து மக்கள் 'நெரை' என்றார்கள். நிரை, சங்க இலக்கியத்தில் இருக்கிற சுத்தமான சொல். வேலை செய்த வரிசைக்குத் தமிழ் இருந்தது. படுத்துத் தூங்கிய வரிசைக்கு மட்டும் ஏன் இங்கிலீஷ்? பாட்டியிடமே கேட்டேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "அது தொரையோட கட்டடம்யா" என்றார். யோசித்தால் அதுதான் பதில். லயம் வேலையோடு சேர்ந்து வந்தது. வேலை போனால் அதுவும் போகும். தோட்டங்கள் துண்டு போடப்பட்டு விற்கப்பட்டபோதும், பின்னால் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் நிலம் மாறியபோதும், மூன்று தலைமுறையாக அங்கேயே பிறந்தவர்கள்கூட வெளியேற வேண்டியிருந்தது இதனால்தான். பாட்டி வாயிலிருந்து 'லயத்து வீடு' என்று நான் கேட்டதே இல்லை. லயம், அவ்வளவுதான்.

சங்கீதத்தில் லயம் என்றால் தாளத்தின் ஒழுங்கு. சமஸ்கிருதத்தில் ஒன்றிப்போதல். சின்ன வயதில் இரண்டையும் ஒரே சொல் என்று நினைத்து, தோட்டத்து மக்கள் ஒன்றாக வாழ்ந்ததால் அந்தப் பெயர் வந்தது என்று பள்ளிக் கட்டுரையில் எழுதியிருக்கிறேன். வாத்தியாரும் மதிப்பெண் போட்டார்.

கப்பலுக்கும் இதே சொல்தான். கப்பல் கம்பெனி என்றால் 'லைன்'. நாகப்பட்டினத்திலிருந்து நம் ஆட்களை ஏற்றிவந்த 'ரஜூலா' 1926இல் கட்டப்பட்டது, பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியுடையது. அந்தக் கப்பல் பெயரைச் சொன்னால் இன்றும் சில தாத்தாக்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அடுத்தது ரயில். பினாங்குத் தீவில், 1923இல் ஓடத் தொடங்கிய கொடிமலை ரயிலைத் தவிர, தண்டவாளமே கிடையாது. ஆனால் வெல்ட் கீ பக்கத்தில் மணிக்கூண்டோடு ஒரு ரயில்வே கட்டடம் 1907லிருந்து நிற்கிறது. இங்கே டிக்கெட் வாங்கி, படகேறி அக்கரைக்குப் போய் ரயிலைப் பிடிக்க வேண்டும். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே இரண்டு வண்டி வந்துவிடக்கூடாது அல்லவா? அதனால் ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த ஸ்டேஷனைக் கேட்பார். அங்கிருந்து 'லைன் கிளியர்' வந்தால்தான் வண்டி நகரும். இந்த மேஜையில் உட்கார்ந்தவர்களில் யாழ்ப்பாணத்துக்காரர்கள் நிறைய. அந்த இரண்டு சொற்கள் ரயிலை விட்டு இறங்கி நம் ஊர்ப் பேச்சில் கலந்துவிட்டன. அப்பா வீட்டில் இல்லை, வாத்தியார் வரவில்லை, போலீஸ் போய்விட்டது, எல்லாமே 'லைன் கிளியர்'. மலாய் நண்பர்களும் அப்படித்தான் சொல்வார்கள்.

அப்புறம் பினாங்கு ரோட்டில், சந்துக்குள் இருக்கும் 'லைன் கிளியர்' நாசி கண்டார். கண்டார் என்பது தோளில் தடி வைத்துச் சுமப்பது, நம்முடைய காவடிதான். தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தடியின் ஒரு பக்கம் சோறு, மறுபக்கம் குழம்பு என்று தெருத்தெருவாகச் சுமந்து விற்ற சாப்பாடு அது. லைன் கிளியரில் ஞாயிற்றுக்கிழமை நிற்கிற வரிசையைப் பார்த்தால் பெயருக்கும் கடைக்கும் சம்பந்தமே இல்லை என்று தோன்றும்.

1972இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை வந்தது. இன்டெல் அதே வருடம் வந்தது. ரப்பர் மரத்தை விட்டு வந்த பெண்கள் ஆபரேட்டர்கள் ஆனார்கள். என் அம்மாவும் பின்னால் அதில் ஒருத்தி. அவருக்கு லைன் என்றால் மைக்ராஸ்கோப்பும் கால்வீக்கமும். எனக்கு லைன் என்றால் எண்கள். லைன் நின்றால் நிமிடத்துக்கு எவ்வளவு நஷ்டம் என்று திரையில் ஓடும். நான் வேலை செய்வது பத்து காவானில். கரும்பு இருந்த இடம்.

தோட்டத் தொழிலாளர் வீட்டுவசதிக்கென்று 1990இல் ஒரு சட்டம் வந்தது, 446ஆம் சட்டம். 2019இல் அதைத் திருத்தி, 2020லிருந்து தொழிற்சாலைத் தங்குவிடுதிகளுக்கும் பொருந்தும்படி செய்தார்கள். லயத்துக்காக எழுதியதை லைனுக்கும் நீட்டிவிட்டார்கள்.

பாட்டி இப்போது பன்னிரண்டாவது மாடியில் இருக்கிறார். நீள நடைபாதை, வரிசையாகக் கதவுகள். போன தீபாவளிக்குப் போயிருந்தபோது அவரே பேச்சை எடுத்தார்.

"ஒன் லயத்துல எத்தன பேருய்யா?"

"நாப்பது பேரு இருப்பாங்க பாட்டி."

"எல்லாம் நம்ம ஆளா?"

"நாலு பேருதான். மத்தவங்க நேப்பாளம், பங்களாதேஷ்."

"அவங்கள்லாம் எங்க தங்குறாங்க?"

"கம்பெனி எடம் குடுத்திருக்கு."

பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, முறுக்குத் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, "கொஞ்சம் கட்டித் தரேன், அந்தப் புள்ளைங்களுக்கு எடுத்துட்டுப் போ" என்றார்.