எம்.ஆர்.ஏ.பி. துணைப்புரதம்

அதிரினற் சுரப்பியில் ஏ.சி.ரி.எச். ஓமோனுக்குரிய வாங்கியைக் கலத்தின் மேற்பரப்புக்குக் கொண்டுசேர்க்கும் சிறிய புரதம். 21ஆம் நிறமூர்த்தத்திலுள்ள பரம்பரையலகு இதனை ஆக்குகிறது.

கபச்சுரப்பி அனுப்பும் ஏ.சி.ரி.எச். வந்து பற்றும் வாங்கி எம்.சி.2.ஆர். எனப்படும். ஏ.சி.ரி.எச். அதில் பற்றினால்தான் அதிரினற் பட்டை கோட்டிசோலைச் சுரக்கும். அகமுதலுருச் சிறுவலையில் உருவாகும் இவ்வாங்கி தனியே வெளிவர இயலாமல் அங்கேயே தேங்கிவிடும். எம்.ஆர்.ஏ.பி. மூலக்கூறுகள் இரண்டு, ஒன்றுக்கொன்று தலைகீழாகச் சவ்வில் இணைந்து, வாங்கியுடன் சேர்ந்து மேற்பரப்பை அடைகின்றன. அங்கும் அவை தேவை. இல்லாவிட்டால் ஓமோன் வாங்கியில் பற்றாது. ஆதலால் இதனை வெறும் வழித்துணை என்பது போதாது.

எம்.சி.2.ஆர். பரம்பரையலகு 1992இல் பிரித்தறியப்பட்டது. ஆயினும் அதிரினல் அல்லாத கலங்களில் அதைப் புகுத்தியபோது வாங்கி வேலைசெய்யவில்லை. கோட்டிசோல் சுரப்புக் குறையும் பரம்பரை நோயான குடும்பவழிக் குளுக்கோகோட்டிக்கொயிட் குறைபாடுடைய பல பிள்ளைகளிலோ அந்தப் பரம்பரையலகு பழுதின்றி இருந்தது. இரு புதிர்களுக்கும் 2005இல் லண்டனில் லூ மெதரல், ஏட்ரியன் கிளார்க் குழுவினர் விடை கண்டனர்: அப்பிள்ளைகள் சிலரில் விகாரமடைந்திருந்தது எம்.ஆர்.ஏ.பி.; அதிரினல் அல்லாத அக்கலங்களில் இல்லாதிருந்ததும் அதுவே.

இவ்வகைத் துணைப்புரதங்கள் வேறும் உண்டு. 1998இல் அறியப்பட்ட 'ராம்ப்' புரதங்களுள் எது சேர்கிறதோ அதற்கேற்ப ஒரே வாங்கி வெவ்வேறு ஓமோன்களை ஏற்கும்.

எம்.ஆர்.ஏ.பி. பழுதானால் இக்குறைபாட்டு நோய் பெரும்பாலும் கைக்குழந்தைப் பருவத்திலேயே வெளிப்படும். இரத்தக் குளுக்கோசு வீழ்ந்து வலிப்பு வரும், கிருமித்தொற்று கடுமையாகும். ஏ.சி.ரி.எச். மிகுவதால் தோல் கறுக்கும். அல்டொஸ்டெரோன் பெரும்பாலும் குறையாததால் சோடியம், பொற்றாசியம் அளவுகள் வழமையாக இருந்து மருத்துவரைத் திசைதிருப்பலாம். கோட்டிசோல் குறைந்தும் ஏ.சி.ரி.எச். மிகுந்தும் இருப்பதே முதன்மையான தடயம். ஐதரோகோட்டிசோன் மாத்திரை உயிரைக் காக்கும். காய்ச்சல் நாட்களில் மருத்துவர் சொன்னபடி அளவைக் கூட்டவேண்டும்.

நோய் பின்னிடைவானது: பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான பரம்பரையலகு வந்தால்தான் தோன்றும். பெற்றோர் இருவரும் காவிகளாயின் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர 4இல் 1 வாய்ப்பு. மச்சான் மச்சாள் மணமுள்ள நம் குடும்பங்கள் இதை அறிந்திருக்கவேண்டும். கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு குழந்தை கறுத்துவந்தால் "தகப்பன்ர நிறம்" என்று வீட்டார் எளிதில் விட்டுவிடுவர். முரசும் உள்ளங்கை ரேகைகளும் கறுப்பது குடும்ப நிறமென்று ஒதுக்கக்கூடியதல்ல. கூடவே வலிப்பும் வந்தால் பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு உடனே கொண்டுசெல்லுங்கள். நிறம் மாறியதையும் மறக்காமல் சொல்லுங்கள்.