வெயிலும் பனியும் ஆண்களின் நீர்ப்பிணிகளும்

பங்குனி கழியுமுன் மூல வைகை மணலாய் வறண்டு கிடக்கும் ஊர் கடமலைக்குண்டு. மேற்கே மேகமலைத் தொடர் தென்மேற்குப் பருவமழையை மறித்துக்கொள்ள, தோட்டத்திலும் கரட்டிலும் வெயிலில் உழைப்போர், "சூடு பிடித்துக்கொண்டது" என்று கால் பெருவிரல் நகத்தில் சுண்ணாம்பு தடவிக்கொள்வர். நீர்க்கடுப்புக்குச் சுண்ணாம்பு மருந்தாகுமா என்பது வேறு கேள்வி. நோயையும் வெயிலையும் முடிச்சிட்ட அந்தப் பார்வை மட்டும் மிகப் பழையது.

கிரேக்க மருத்துவர் புக்ராத்தின் பெயரால் வழங்கும் மருத்துவ வாசகங்கள் எந்தப் பருவத்தில் எந்த நோய் மிகும் என வகுத்துச் சொல்கின்றன. சொட்டுச் சொட்டாக நீர் இறங்கும் துன்பத்தை இலையுதிர் காலத்திலும் முதுமையிலும் வைக்கின்றன. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் அவற்றை அரபுக்குக் கொணர்ந்தார். பின்வந்த அர்ராஸீ சிறுநீரகக் கல், நீர்ப்பைக் கல் பற்றித் தனி நூலே எழுதினார். குர்துபாவின் அஸ்ஸஹ்ராவீ கல்லை அறுத்தெடுக்கும் முறையையும் கருவியையும் விவரித்தார். நம் சித்த மருத்துவர்கள் கல்லடைப்புக்குச் சிறுபீளையும் நெருஞ்சிலும் கொடுத்தார்கள். ஆறு பெரும்பொழுதுகளையும் கணக்கில் வைத்தே உடலைப் பார்த்தார்கள்.

வெயில் பற்றிய அவர்கள் கணிப்பைப் பிற்காலத்துப் போர்கள் மெய்ப்பித்தன எனலாம். இரண்டாம் உலகப் போரில் பாலைவனத்தில் இருந்த அமெரிக்கப் படையினரிடம் கல்நோய் கண்டதை 1945இல் மருத்துவர்கள் பதிவு செய்தனர். குவைத், ஈராக் சென்ற படையினரைப் பற்றிய 2005ஆம் ஆண்டு ஆய்வில், வந்திறங்கியது முதல் வலி தோன்றும் வரை சராசரியாக 93 நாட்கள். 2014இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு இன்னும் நெருங்கிச் சென்றது: கடும் வெப்ப நாளுக்குப் பின் மூன்று நாட்களுக்குள்ளேயே கல்வலியின் அபாயம் உச்சம் தொடுகிறதாம். காரணம் எளியது. வியர்வையில் நீர் போனால் சிறுநீர் குறுகும்; அதிலுள்ள உப்புகள் படிகமாகும். குடிக்கும் தண்ணீரே முதல் காப்பு.

பனிக்காலத்தின் கதை வேறு. 1812 செப்டம்பரில் போரோதினோ களத்தில் நெப்போலியன் சளியோடு நீர்க்கடுப்பாலும் அவதியுற்றான் என்பர். குளிரில் நீர் அதிகம் சுரக்கும். நீர்ப்பையின் வாய்த் தசையோ இறுகும். புராஸ்டேட் சுரப்பி வீங்கிய முதியவருக்கு அப்போது நீர் அடைத்துக்கொள்ளக்கூடும். சளிக்கென்று கடையில் வாங்கும் சில மாத்திரைகளும் இவ்வடைப்பைத் தூண்டுவதுண்டு. இதனைப் பெரியவர்களிடம் யாரும் சொல்வதில்லை.

மூன்றாவது நோயே என்னை அதிகம் உறுத்துகிறது. விதை தன் நரம்புக்கொடியில் முறுக்கிக்கொள்ளும் இந்நோயை 1840இல் டெலாசியோவ் என்ற பிரெஞ்சு மருத்துவர் முதன்முதல் விவரித்தார். 1982இல் டப்ளின் மருத்துவர்கள் அதனைக் குளிரோடு தொடர்புபடுத்தினர். குளிரில் விதையைத் தூக்கும் தசை சுருங்குவதைக் காரணமாகக் கருதுவோர் உளர். பின்வந்த ஆய்வுகள் சில இதனை ஒப்பவில்லை. பருவம் எதுவாயினும் கடிகாரம் ஒன்றுதான்: முறுக்கை ஆறு மணி நேரத்துக்குள் அவிழ்த்தால் விதை பெரும்பாலும் பிழைக்கும், நேரம் கடக்கக் கடக்க இழப்பே மிகுதி.

இந்நோய் பெரிதும் பதின்பருவத்துப் பையன்களையே தாக்கும். மார்கழி விடியலில் அடிவயிறு வலிக்கிறதென்று மட்டும் தாயிடம் சொல்லி, வலிக்கும் இடத்தை மறைப்பவன் அவன். வீட்டார் வாயு என்று ஓமத் தண்ணீர் கொடுப்பர். வருசநாட்டு மலையடியிலிருந்து கண்டமனூர் வழியாக க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்து சேரும் நேரத்தை அந்த ஆறு மணியில் கழித்துவிட வேண்டும். அவன் வாய் திறக்கத் தயங்கிய நேரமும் அதிலேயே கழியும்.