போலி அழைப்பெண்: இந்திய ஒழுங்குமுறையின் வரலாறு

அழைப்பவர் தம் உண்மையான எண்ணை மறைத்து, எடுப்பவரின் திரையில் வேறோர் எண்ணைத் தோன்றச் செய்வது போலி அழைப்பெண் எனப்படும். ‘ஸ்பூஃபிங்’ என்றும் இதைச் சொல்வர். இந்தியாவில் இதற்கெதிரான விதிகள் முதலில் தொலைபேசி நிறுவனங்களின் வருவாயைக் காக்கவே வலுப்பெற்றன. போனை எடுக்கும் மனிதரை முன்னிறுத்தும் சட்டம் வந்தது அதற்குச் சுமார் இருபது ஆண்டுகளுக்குப் பின்புதான்.

தரைவழித் தொலைபேசியில் எண் ஊரோடு பிணைந்திருந்தது. 04554 என்று தொடங்கும் எண்ணைக் கண்டால், அழைப்பு காமயகவுண்டன்பட்டி, கம்பம், உத்தமபாளையம் வட்டாரத்திலிருந்து வருகிறது என்று நம்பலாம். எந்தக் கம்பி எந்த வீட்டுக்குப் போகிறது என்பதை அறிந்த தொலைபேசி நிலையமே எண்ணைச் சொன்னது. இணையவழித் தொலைபேசி இந்தப் பிணைப்பை அறுத்தது. 2002 ஜூனில் இன்றைய வடிவம் பெற்ற ‘சிப்’ நெறிமுறையில், அழைப்பவர் யார் என்பதை அழைக்கும் மென்பொருளே எழுதி அனுப்புகிறது. இடையிலுள்ள நிறுவனம் சரிபார்க்காவிட்டால், அது எழுதியதே திரையில் தெரியும்.

இந்தியா 2002 ஏப்ரல் 1 முதல் இணையவழித் தொலைபேசியை அனுமதித்தது. ஆனால் கணினியிலிருந்து உள்நாட்டுச் சாதாரண போனுக்குப் பேச அனுமதி இருக்கவில்லை. மலிவான வெளிநாட்டு அழைப்புக்குத் தேவை பெரிதாக இருந்ததால் திருட்டு வழி பிறந்தது. இணையத்தில் வரும் அழைப்பைப் பல சிம் கார்டுகள் பொருத்திய ‘சிம் பாக்ஸ்’ உள்ளூர் அழைப்பாக மாற்றிவிடும். துபாயிலிருந்து மகன் பேசினாலும் திரையில் முன்பின் தெரியாத இந்திய எண் தெரியும். குறைந்த செலவில் பிள்ளையின் குரலைக் கேட்ட குடும்பங்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதே பெட்டி மோசடிக்காரருக்கும் முகமூடி ஆனது.

இந்தியாவில் போலி அழைப்பெண் தொடர்பான முதல் பெரிய வழக்கு பணத்தைப் பற்றியது. செலவுக்கும் குறைவான வாடகையில் இணைப்புத் தந்த அரசு நிறுவனமான பிஎஸ்என்எல்லுக்கு, முக்கியமாகக் கிராமத் தொலைபேசிகளுக்காக, பிற அழைப்புகளிலிருந்து பணம் திரட்டும் ‘ஏடிசி’ என்ற கட்டணத்தைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2003இல் கொண்டுவந்தது. வெளிநாட்டு அழைப்புகளுக்கு அது அதிகம். ரிலையன்ஸ் இன்ஃபோகாம் வெளிநாட்டு அழைப்புகளை உள்ளூர் எண்களுடன் அனுப்பியதாக 2004இல் புகார் எழுந்தது. தொலைத்தொடர்புத் துறை அந்நிறுவனத்துக்கு 150 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பிஎஸ்என்எல்லும் இணைப்பு ஒப்பந்தத்தின் 6.4.6ஆம் பிரிவைக் காட்டித் தொகை கேட்டது. அந்தப் பிரிவு தண்டனை அல்ல, நியாயமான முன்மதிப்பீட்டு இழப்பீடே என்று 2010 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதை இரு நிறுவனங்களின் கணக்குச் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது. காமயகவுண்டன்பட்டி போன்ற ஊர்களுக்குக் கம்பி இழுக்கச் சேர்த்த பணம் அது.

2008 நவம்பரில் நடந்த மும்பைத் தாக்குதல் கேள்வியைப் பணத்திலிருந்து பாதுகாப்புக்கு மாற்றியது. தாக்கியவர்களை வழிநடத்தியவர்கள் அமெரிக்காவிலிருந்த ஓர் இணையத் தொலைபேசி நிறுவனத்தின் சேவையையும் ஆஸ்திரிய எண்களையும் பயன்படுத்தினர். எண்ணை வைத்து இடத்தை அறிய முடியாது என்பதை நாடு கண்டது. ஆயினும் போலி எண்ணுக்கென்று தனிக் குற்றப்பிரிவு வரவில்லை. அமெரிக்கா 2010 டிசம்பரில் ஏமாற்றும் நோக்கிலான போலி அழைப்பெண்ணைச் சட்டத்தால் தடைசெய்தபோது, இங்கே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் ஆள்மாறாட்டப் பிரிவான 66டி போன்றவையே காவல்துறையின் கையில் இருந்தன. 2018 ஜூனில் உரிம விதிகள் திருத்தப்பட்டு, இணையத்திலிருந்து உள்நாட்டு போன்களுக்குப் பேசுவது முறையாக அனுமதிக்கப்பட்டது.

தொலைத்தொடர்புச் சட்டம், 2023தான் திருப்பம். இதன் 42ஆம் பிரிவு தொலைத்தொடர்பு அடையாளங்களைத் திரிப்பதையும் ஆள்மாறாட்டம் செய்து சிம் வாங்குவதையும் குற்றமாக்கியது. தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்துக்கு மாற்றாக வந்த இச்சட்டத்தின் அந்தப் பிரிவு 2024 ஜூன் 26 அன்று நடைமுறைக்கு வந்தது.

சட்டத்தைவிடப் பயன் தந்தது தொழில்நுட்பத் தடுப்பு. வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பில் +91 மொபைல் எண் தெரிந்தால், அந்த எண்ணுக்குரியவர் உண்மையில் வெளிநாட்டில் ரோமிங்கில் இருக்கிறாரா என்று அவருடைய நிறுவனத்திடமே சரிபார்த்து, இல்லையென்றால் அழைப்பைத் துண்டிக்கும் அமைப்பு 2024 அக்டோபர் 22 அன்று தொடங்கப்பட்டது. முதல் 24 மணி நேரத்தில், இந்திய எண்ணுடன் வந்த வெளிநாட்டு அழைப்புகளில் 90 விழுக்காடு, அதாவது 1.35 கோடி அழைப்புகள், போலியெனத் தடுக்கப்பட்டன என்று அரசு அறிவித்தது. தரைவழி எண்ணில் சோதனை எளிது. 04554 எண்ணை யாரும் ரோமிங்கில் எடுத்துச் செல்ல முடியாது.

அதே ஆண்டு மார்ச்சில் சந்தேக அழைப்புகளைத் தெரிவிக்கும் ‘சக்ஷு’ வசதி தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சேர்க்கப்பட்டது. பணம் இழந்தவர்களுக்கு 1930 உதவி எண் உள்ளது. எல்லையில் வடிகட்டி வந்தபின் உள்நாட்டு சிம் பாக்ஸ்களும் செயலி அழைப்புகளும் முக்கியச் சிக்கலாயின. செயலி அழைப்புகள் இந்த வடிகட்டியைத் தொடுவதே இல்லை. எனவே 2025 நவம்பர் 28 அன்று தொலைத்தொடர்புத் துறை, வாட்ஸ்அப், டெலிகிராம் போன்ற செயலிகள் பதிவுசெய்த சிம் போனில் இருந்தால் மட்டுமே இயங்க வேண்டும் என்று உத்தரவிட்டு, 90 நாள் அவகாசம் தந்தது.