பூக்க மறுத்த புகையிலை



வீட்டு முன்னறையில் ஒரு செவ்வந்தித் தொட்டி வைக்கிறோம். தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறோம், உரமும் இடுகிறோம். இலை செழிக்கிறது, மொட்டு மட்டும் வரவில்லை. "இது பூக்காத ஜாதி" என்று தூக்கி எறிந்து விடுகிறோம். குறை செடியிலா, வீட்டிலா? இதற்கு விடை தந்தது ஒரு புகையிலைச் செடி. அந்த வரலாற்றை இன்று அறிவோம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஒரு புதுவகைப் புகையிலை தோன்றியது. மற்றவை பூத்து ஓய்ந்த பிறகும், இது 10 அடிக்கு மேல் வளர்ந்துகொண்டே போனது. கோடையில் பூக்கவே இல்லை. விதைக்கு வழியில்லை. ஆனால் கண்ணாடி வீட்டுக்குள் வைத்தபோது, குளிர்காலத்தில் பூத்தது.

வேளாண் துறை ஆய்வாளர்களான கார்னர், அல்லார்டு இருவரும் காரணம் தேடினர். வெப்பமா, ஈரமா, உரமா? எதுவும் பொருந்தவில்லை. பகல் பொழுதின் நீளம்தான் காரணமோ என ஐயுற்றனர். 1918 ஜூலையில், சில செடிகளை மாலை 4 மணிக்கு இருட்டுக் கொட்டகையில் வைத்து, மறுநாள் காலை 9 மணிக்கு வெளியே எடுத்தனர். நாள்தோறும் இப்படியே செய்தனர். அந்தச் செடிகள் கோடையிலேயே பூத்தன! 1920இல் இம்முடிவை வெளியிட்டனர். 1938இல் ஹாம்னர், பான்னர் ஆகியோர் ஒரு களைச்செடியை ஆராய்ந்து மேலும் ஓர் உண்மையைக் கண்டனர். செடி கணக்கிடுவது இரவின் நீளத்தையே. நள்ளிரவில் சிறிது நேரம் ஒளி பட்டாலும் அது பூப்பதில்லை.

நம் நாட்டில் ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம்தான். ஆனால் லயத்து வீட்டிலும் தாமான் வீட்டிலும் மின்விளக்கு இரவு பதினொரு மணி வரை எரிகிறது. செடிக்குக் கிடைக்கும் இரவு குறைந்துவிடுகிறது. கேமரன் மலையில் செவ்வந்தி பயிரிடுவோர், தண்டு நீளும்வரை இரவில் வேண்டுமென்றே விளக்கேற்றுகின்றனர்; பிறகு அணைத்து மொட்டு வரவழைக்கின்றனர்.

நாமும் செய்து பார்க்கலாம். செவ்வந்தி, கலன்சோ, பாயின்செட்டியா ஆகியவற்றைப் பகலில் நல்ல வெளிச்சமுள்ள சன்னலோரம் வையுங்கள். மாலை 5 மணி முதல் காலை 7 மணி வரை அட்டைப்பெட்டியால் மூடுங்கள். வகைக்கேற்ப ஆறு முதல் பத்து வாரம் இடைவிடாமல் செய்ய வேண்டும். மொட்டு நிறம் காட்டியதும் நிறுத்தலாம். பிள்ளைகளிடம் இரண்டு தொட்டிகளைக் கொடுத்து, ஒன்றை மட்டும் மூடச் சொல்லுங்கள், வீடே ஆய்வுக்கூடமாகும். எல்லாச் செடிக்கும் இம்முறை பொருந்தாது. ஆப்பிரிக்க வயலட் பூக்காவிட்டால், பெரும்பாலும் அதற்குப் பகல் வெளிச்சம் போதவில்லை என்றே பொருள்.

நேயர்களே, அந்தப் புகையிலையை மலட்டுச் செடி என்று ஒதுக்கியிருந்தால் இந்த அறிவே கிடைத்திராது. 'இவனுக்குப் படிப்பு வராது' என்று நம் பிள்ளைகளைச் சொல்லும் முன்பும், அவர்கள் படிக்கும் இடத்தையும் நேரத்தையும் ஒருமுறை பார்ப்போம்.